ஒரகடத்துச் சிமெண்டுக் குழாய்கள்

ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், புதிதாக வளைத்துக் கம்பிவேலி கட்டிய ஒரு மனையின் ஓரத்தில், மழைநீர்க் கால்வாய்க்கென்று கொண்டுவந்து இறக்கிய பெரிய சிமெண்டுக் குழாய்கள் சில மாதங்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. காலை ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய இளைஞர்கள் மூவர், பிற்பகல் வெயிலையும் பொருட்படுத்தாமல், அக்குழாய்களின்மேல் ஏறி அமர்ந்து ஒருவரையொருவர் படம் பிடித்துக்கொண்டிருந்ததை எதிரே டீக்கடை பெஞ்சில் இருந்து பார்த்த எனக்கு, சிமெண்டுக் குழாயில் இவர்கள் அப்படி என்ன சௌந்தரியத்தைக் கண்டார்கள் என்ற விசாரம் உண்டாயிற்று. டீ குடிக்க வந்தபோது ஒருவனிடம் கேட்டேன். "இது நோபிட்டா கிரவுண்டு சார்" என்றான். நோபிட்டா என்பது புதிதாக வந்த ஏதோ உதிரிபாகக் கம்பெனி என்றே நான் எண்ணினேன். ஏனெனில் இந்தப் பிரதேசத்தில் அவ்வாறு ஒலிக்கும் பெயர்கள் தொழிற்சாலைப் பலகைகளில்தான் காணக்கிடைக்கும். என் எண்ணத்தைச் சொன்னதும் மூவரும் சிரித்த சிரிப்பில் ஏளனம் இல்லை. ஓர் அறியாப் பிள்ளைக்குப் பாடம் சொல்லப்போகிற உற்சாகமே இருந்தது.

நோபிட்டா என்பவன் 'டோரேமான்' என்னும் ஜப்பானியச் சித்திரத் தொடரின் சிறுவன். படிப்பில் கடைசி, ஓட்டத்திலும் கடைசி, அழுகையில் மட்டும் முதல். எதிர்காலத்திலிருந்து வந்த பூனை வடிவ இயந்திரம் ஒன்று தன் வயிற்றுப் பையிலிருந்து அற்புதக் கருவிகளை எடுத்துத் தந்து அவனைக் காக்கிறது. அவனோ ஒவ்வொரு கருவியையும் துர்விநியோகம் செய்து மாட்டிக்கொள்கிறான். அவனும் அவன் தோழர்களும் கூடி விளையாடும் இடம் ஒரு காலி மனை. அம்மனையில் மூன்று சிமெண்டுக் குழாய்கள், கீழே இரண்டும் மேலே ஒன்றுமாகக் கிடக்கும். மேற்குழாயின்மீது ஏறி நின்றுதான் ஜியான் என்னும் தடியன் தன் பயங்கரமான சாரீரத்தால் தோழர்களை வதைப்பான்.

முப்பது வருஷம் இந்த வட்டாரத்துப் பள்ளிகளில் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்த மூவருக்கும் இப்பொழுது இருபத்தாறு, இருபத்தேழு பிராயம் இருக்கும். அவர்கள் இந்தச் சித்திரங்களில் ஆழ்ந்திருந்த காலத்தில், பெற்றோர் கூட்டங்களில் எழுந்து நின்று, "சாயங்காலம் டிவியை நிறுத்திவையுங்கள், பிள்ளைகளின் தமிழ் கெட்டுப்போகிறது" என்று உபதேசம் செய்த ஆசிரியர்களில் நானும் ஒருவன் என்பதை ஒளிப்பதற்கில்லை. அன்று நான் சொன்னதில் பாதி பிழை என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

அந்தப் பத்தாண்டை, ஏறக்குறைய 2005 முதல் 2015 வரை என்று வைத்துக்கொள்ளலாம். 2006 செப்டம்பரில் தமிழக அரசு பதினான்கு அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாக வழங்கத் தொடங்கியது. ஐந்து வருஷத்திற்குள் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட வீடுகளில் அப்பெட்டி ஏறி அமர்ந்தது. 2007 ஏப்ரலில் சுட்டி டிவி வந்தது. 2011-இல் அரசு கேபிள் மாதம் எழுபது ரூபாய்க்கு இணைப்புத் தந்தது. ஹங்காமாவில் டோரேமானும் ஷின்சானும், கார்ட்டூன் நெட்வொர்க்கில் டிராகன் பால் இசட்டும் பேபிளேடும் என்று, டோக்கியோவின் சித்திரசாலைகளில் பிறந்த பிள்ளைகள் பிள்ளைப்பாக்கத்துக்கும் வல்லத்துக்கும் மாம்பாக்கத்துக்கும் வந்து சேர்ந்தது இந்த வழியாகத்தான். அதே வருஷங்களில் வெளியே நடந்ததையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கியிருந்தது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை திறந்து 2014 நவம்பர் முதல் தேதியோடு மூடியது. 2010 மார்ச்சில் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் ஆலை திறக்கப்பட்டது. வீட்டுக்குள் ஜப்பான் பெட்டி வழியாகவும், வீட்டுக்கு வெளியே ஜப்பான் சிப்காட் வழியாகவும், ஒரே சமயத்தில் இரண்டு வாசல்களால் நுழைந்துகொண்டிருந்தபோது நடுவே நின்று வளர்ந்தவர்கள் இந்த இளைஞர்கள்.

அக்குழாய்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ என்ற புனைபெயரில் எழுதிய ஹிரோஷி ஃபுஜிமோட்டோ டோரேமானைப் படக்கதையாக வரையத் தொடங்கியது 1969-ஆம் வருஷக் கடைசியில். டோக்கியோ நகரம் நாலா பக்கமும் வீங்கிக்கொண்டிருந்த காலம் அது. வீடு எழும்பாத மனைகளும், பூமிக்குள் இறங்கக் காத்திருந்த குழாய்களும் புறநகர்ப் பிள்ளைகளுக்குச் சகஜமான காட்சி. அந்த மனைகள் எல்லாம் கட்டடங்களாக மாறிப் பல காலம் ஆன பின்னும், சித்திரத்தில் மட்டும் அந்தக் காலி மனை அப்படியே இருக்கிறது. ஜப்பானியர் அதைப் பார்த்து உருகுவது இயல்பே. விசேஷம் என்னவென்றால், முப்பத்தைந்து நாற்பது வருஷம் கழித்து அதே காட்சியைப் பார்த்த ஒரகடத்துப் பிள்ளைக்கு அது பழங்காலமும் அல்ல, பரதேசமும் அல்ல. அவன் ஜன்னலுக்கு வெளியே அன்று நடந்துகொண்டிருந்ததுதான். ஏரிப்புறம்போக்கும், மேய்ச்சல் தரையும், வேர்க்கடலை விதைத்த மேட்டு நிலமும் அளவுக்கல் நடப்பட்டு, பொக்லைன் இறங்கி, குழாய் வந்து கிடந்து, சில மாதம் யாருக்கும் சொந்தமில்லாததுபோல் இருக்கும் அந்த இடைக்காலத்தில், அது பிள்ளைகளின் கிரிக்கெட் மைதானம். பிறகு மதில் எழும்பும்; வாசலில் காவல்காரர் நிற்பார். பந்து உள்ளே விழுந்தால் விழுந்ததுதான்.

ஆகவே இவர்கள் "அந்தக் காலத்து அனிமே" என்று பெருமூச்சு விடும்போது ஜப்பானை நினைத்து விடுவதாக நான் கருதவில்லை. அனிமே என்ற சொல்லே அவர்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்று அது வெறும் 'கார்ட்டூன்'. அது எந்த நாட்டுச் சரக்கு என்ற ஆராய்ச்சியும் இல்லை. அதே பட்டியலில் ஜாக்கி சான் சாகசத் தொடரை மூவரும் ஒருமுகமாகச் சேர்த்தார்கள். அது அமெரிக்காவில் தயாரானது என்று நான் பின்னர் படித்துச் சொன்னபோது, அதைப் பட்டியலிலிருந்து நீக்க ஒருவனும் சம்மதிக்கவில்லை. பேபிளேடும் இப்படித்தான். ஜப்பானியப் பிள்ளைகள் பழங்காலம் முதல் சுற்றிவந்த பேய்கோமா என்னும் சிறு பம்பரத்தை அடிப்படையாகக் கொண்டு டகாரா நிறுவனம் 1999-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பொம்மை அது. சாட்டை சுற்றி, ஆக்கர் குத்தி, அப்பீட்டு எடுத்துப் பழகிய ஊரில், பிளாஸ்டிக் பம்பரத்தை நூறு ரூபாய் கொடுத்து வாங்கித் தரச்சொல்லிப் பிள்ளைகள் அழுதது பெரியவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. இதை நான் அதிகம் வளர்த்தப் போவதில்லை.

ஷின்சான் விஷயம் வேறு. அவன் வாயாடி, வெட்கம் கெட்டவன், ஐந்து வயதில் ஐம்பது வயதுக் குறும்பு. பெற்றோர் முறையீட்டால் 2008-இல் இத்தொடர் இந்தியாவில் சில காலம் நிறுத்தப்பட்டுக் கத்தரிக்கப்பட்ட பின்பே மீண்டது. ஜப்பானியத் தாய்மாரும் நம்மவர்களுக்கு இளைத்தவர்கள் அல்லர். பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பாத நிகழ்ச்சி எது என்று அந்நாட்டுப் பெற்றோர்-ஆசிரியர் சங்கம் கேட்கும்போதெல்லாம் இவன் பெயர் பல வருஷம் முன்வரிசையில் நின்றிருக்கிறது. மூவரில் ஒருவன் இதற்கு ஒரு கிளைக்கதை சொன்னான். அவன் வேலை பார்க்கும் இடத்துக்கு ஜப்பானிலிருந்து ஒரு பொறியாளர் வந்து பதினைந்து நாள் தங்கினாராம். அந்தப் பதினைந்து நாளும் பேச்சு, கைசன், போக்கா யோக்கே, ஃபைவ் எஸ் என்ற மூன்று சொற்களுக்குள்ளேயே சுற்றியது. கடைசி நாள் சாப்பாட்டு நேரத்தில் இவன் துணிந்து ஷின்சான் பெயரைச் சொல்ல, அந்த மனிதர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, தம் தாயார் அதைப் பார்க்கவிட்டதே இல்லை என்றாராம். "அன்னைக்குத்தான் சார் அவர் ஒரு மனுஷன்னு தெரிஞ்சது" என்றான்.

ஆனால் ஷின்சானை வெறும் குறும்பு என்று தள்ளிய என்னைப் போன்றவர்கள், அந்தக் குடும்பத்தை ஏறெடுத்துப் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. யோஷிட்டோ உசுயி தாம் வாழ்ந்த கசுகாபேயையே அதற்குக் களமாக வைத்தார். அது டோக்கியோவுக்கு வடக்கே, சைதாமா மாகாணத்தில், வேலைக்குப் போகிறவர்கள் குடியிருக்கும் ஊர். நம் ஸ்ரீபெரும்புதூர் சென்னைக்கு எப்படியோ அப்படி. அப்பா விடியலில் ரயில் ஏறி அலுவலகம் போய் இருட்டிய பின் திரும்புகிறார். காலுறையைக் கழற்றினால் வீடே மூக்கைப் பிடிக்கிறது. வீட்டுக் கடன் வருஷக்கணக்கில் நீள்கிறது. அம்மா காசை எண்ணி எண்ணி வைக்கிறாள், தள்ளுபடி விற்பனை என்றால் ஓடுகிறாள். இராமாயண மகாபாரதச் சித்திரங்களிலும், ராஜகுமாரர்கள் உலவும் தொடர்களிலும் காணாத ஒன்றை, சேஃப்டி ஷூவைக் கழற்றி வாசலில் வைக்கும் தகப்பனைத் தினமும் பார்த்த பிள்ளை இங்கே கண்டான். வாடகை வீட்டில் இருந்துகொண்டு மனைக்குத் தவணை கட்டும் குடும்பத்துக்கு ஷின்சான் வீடு அடுத்த வீடு. உசுயி 2009 செப்டம்பரில் மலையேறப் போய் தவறி விழுந்து மாண்டார், தொடர் நிற்கவில்லை.

இனி என் பழைய குற்றச்சாட்டுக்கு வருகிறேன்: பிள்ளைகளின் தமிழ் கெடுகிறது என்றது. இப்பொழுது இணையத்தில் கிடைக்கும் துண்டுகளை அந்த இளைஞர்களோடு உட்கார்ந்து கேட்டபோது, நான் ஆட்சேபித்த அந்தப் பேச்சுத்தமிழ் எவ்வளவு ஜீவனுள்ளது என்பது விளங்கிற்று. தமிழுக்கும் ஜப்பானிய பாஷைக்கும் ரத்த சம்பந்தம் உண்டென்று பேராசிரியர் சுசுமு ஓனோ வாதித்ததை மொழியியலார் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அது ஒருபுறம் இருக்கட்டும். இரு பாஷைகளிலும் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. யார் யாரிடம் எந்த ஸ்தானத்தில் நின்று பேசுகிறார் என்பது சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது. ஜப்பானியர் பெயரோடு சான், குன், ஸாமா என்று ஒட்டிக் காட்டும் நுட்பத்தை, 'யூ' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஆங்கிலம் என்ன செய்ய முடியும்? தமிழுக்கு நீ உண்டு, நீங்கள் உண்டு, டா உண்டு, டேய் உண்டு. ஜியான் அதட்டும்போது வரும் 'டேய்' ஒன்று போதும், அந்தத் தெருவின் சமூக சாஸ்திரம் முழுவதையும் சொல்ல. ஷின்சானின் தகப்பன் ஹேரி என்றும் தாய் மிட்ஸி என்றும் அழைக்கப்படுவதே, இது ஜப்பானிலிருந்து நேரே வராமல் ஆங்கில வழியைச் சுற்றிக்கொண்டு வந்தது என்பதற்குச் சாட்சி. வழியில் தொலைந்த உறவுமுறையைக் கடைசிக் கட்டத்தில் யாரோ ஒரு தமிழர் ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து தம் காது ஞானத்தால் மீட்டுக் கொடுத்திருக்கிறார். மொழிபெயர்ப்பை வழிநூல் வகைகளுள் ஒன்றாகத் தொல்காப்பியம் எண்ணியிருக்கிறது. அந்த மரபில் இவருக்கு ஓர் ஓரத்திலாவது இடம் உண்டு என்பது என் துணிபு.

இதை ஏற்காதவர்கள் அதே தலைமுறையிலேயே இருக்கிறார்கள். அனிமே என்றால் ஜப்பானியக் குரலோடு, அடியில் எழுத்து ஓட, பயபக்தியோடு பார்க்கவேண்டும், தமிழ்க் குரல் அபசாரம் என்பது அவர்கள் சித்தாந்தம். மூலத்தின் சுவை மூலத்தில்தான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், அதிகாரிகளுக்கு மட்டும் என்று பொத்திவைத்த மந்திரார்த்தத்தைத் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தின்மேல் ஏறி நின்று எல்லாருக்கும் கூவிச் சொன்னதாகப் பிரசித்தி பெற்ற ஒரு மகான் பிறந்த ஊரில் இருந்துகொண்டு, அடியில் ஓடும் ஆங்கில எழுத்தை வேகமாகப் படிக்கத் தெரிந்தவனுக்கே அனிமே என்று சொல்வது எனக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. உவமை பெரிது, விஷயம் சிறிது என்று வைஷ்ணவ நண்பர்கள் கோபிக்க வேண்டாம்.

சென்ற ஆண்டுகளின் போக்கும் என் கட்சிக்கே சாதகமாக இருக்கிறது. யூகோ சாகோ என்ற ஜப்பானியரும் நம் ராம் மோகனும் சேர்ந்து உருவாக்கிய இராமாயணச் சித்திரப்படம் 1992-இல் முடிந்தது. அது தமிழ்க் குரலோடு திரையரங்குக்கு வந்தது 2025 ஜனவரி 24-இல். இராமபிரான் இப்படித் தமிழ் பேச முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஷின்சானுக்கு அவ்வளவு காத்திருப்பு இல்லை. அதே 2025 செப்டம்பர் 12-இல் 'டீமன் ஸ்லேயர்' படம் ஜப்பானியத்தோடு தமிழிலும் ஒரே நாளில் வெளியானது. இரவு ஷிப்ட் முடிந்து, தூங்காமல், யூனிஃபார்மோடு காலைக் காட்சிக்குப் போனதாக மூவரில் மூத்தவன் பெருமையோடு சொன்னான். 2024 மார்ச்சில் டிராகன் பால் ஆசிரியர் அகிரா தொரியாமா இறந்த செய்தி வந்த அன்று, அவன் லைனில் வேலை பார்த்த பாதிப் பேர் கைபேசி ஸ்டேட்டஸில் கோகுவின் படம் வைத்திருந்தார்களாம்.

அதே 2024-இல் இன்னும் இரண்டு மரணங்கள் நேர்ந்தன. 1979 முதல் 2005 வரை இருபத்தாறு வருஷம் டோரேமானுக்குக் குரல் கொடுத்த நோபுயோ ஓயாமாவும், அதே காலம் முழுதும் நோபிட்டாவாகப் பேசிய நோரிகோ ஓஹாராவும் மறைந்தார்கள். ஜப்பானில் குரல் நடிகர் சினிமா நடிகருக்குச் சமானமான கீர்த்தி உடையவர்; அவர்கள் மறைவு அங்கே தேசச் செய்தி. நான் அந்த மூவரையும் கேட்டேன்: தமிழில் நோபிட்டாவாகப் பேசியவர் யார்? தெரியாது. ஷின்சானாகப் பேசியவர்? தெரியாது. பாஷை வழக்கை நிர்ணயித்து வசனம் எழுதியவர்? அப்படி ஒருவர் இருப்பார் என்றே அவர்கள் எண்ணியதில்லை. தொடரின் முடிவில் தமிழ்ப் பெயர்கள் ஓடியதாக மூவருக்கும் ஞாபகம் இல்லை. பத்து வருஷம் தினமும் சாயங்காலம் வீட்டுக்குள் வந்து பேசிய மனிதர்களை, எதிரே வந்தால் அடையாளம் தெரியாது.

என் புகார் இதுதான். 1954-ஆம் வருஷத்துச் சட்டப்படி, இந்நாட்டில் அச்சாகும் எந்தப் புத்தகமும், அது எவ்வளவு சாமானியமானதாயினும், ஒரு பிரதி சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்குப் போய்ச் சேரவேண்டும். யாரும் படிக்காத ராசிபலன் பிரசுரத்துக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. ஒரு தலைமுறையின் செவியில் ஏறிய இந்தத் தமிழுக்கு அத்தகைய கடமை எந்தச் சட்டத்திலும் விதிக்கப்படவில்லை. தொடரின் உரிமை ஜப்பானில் ஒருவரிடம், ஒளிபரப்பு உரிமை மும்பையில் ஒருவரிடம், ஒலிப்பதிவு செய்த கூடம் வேறொருவரிடம் என்று பிரிந்து கிடப்பதால், உரிமைக் காலம் முடிந்ததும் தமிழ்க் குரலைப் பேணி வைப்பதில் எவருக்கும் லாபம் இல்லை. இப்பொழுது இணையத்தில் உலவும் துண்டுகள், யாரோ பிள்ளைகள் தொலைக்காட்சிக்கு முன் கேமராவைப் பிடித்து எடுத்தவை; அவற்றையும் உரிமைக்காரர் அவ்வப்போது நீக்கிவிடுகிறார்கள். நீக்க அவர்களுக்கு நியாயம் உண்டு. அதனால் நஷ்டம் இல்லை என்று ஆகிவிடாது. ஓலைச்சுவடியையும் பழைய அச்சுநூலையும் சிரத்தையோடு மின்வடிவாக்கி வைக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகம், உரிமையாளரிடம் ஒரு பிரதி கேட்டு வாங்கி, வியாபாரத்துக்கு அல்லாமல் ஆராய்ச்சிக்கு மட்டும் என்று பூட்டி வைப்பதற்கு, பெரும் பணம் தேவைப்படாது. ஒலிப்பதிவுக் கூடங்களின் பழைய சம்பளப் பேரேடுகளைப் புரட்டிக் குரல் கொடுத்தவர்களின் பெயர்களையாவது இப்பொழுதே எழுதி வாங்கவேண்டும். அவர்களில் பலருக்கு இந்நேரம் வயதாகியிருக்கும். இனி வரும் தொடர்களில் தமிழ்ப் பெயர்களைத் திரையில் ஓடவிட அரை நிமிஷம் போதும்.

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, மூவரில் அதிகம் பேசாத இளையவன், தன்னிடம் ஒன்று இருப்பதாகச் சொன்னான். அவன் அக்காள் இங்கே கைபேசி ஆலையில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய பழைய பொத்தான் போன். அவன் ஆறாவது படிக்கும்போது அதை டிவிக்கு முன் பிடித்து டோரேமானின் ஆரம்பத்தைப் பதிவு செய்திருக்கிறான். மறுவாரம் கொண்டுவந்தான். பாட்டரி உப்பி, மூடி சேராமல், ரப்பர் பாண்டு போட்டுக் கட்டியிருந்தது. டீக்கடைக்காரர் சார்ஜருக்கு இடம் கொடுத்தார். நாற்பது விநாடிகள் ஓடிற்று. நோபிட்டா ஏதோ கெஞ்சுகிறான். அழுகையும் இரைச்சலுமாகச் சொல் தெளிவில்லை. அதற்குப் பின்னால் குக்கர் மூன்று விசில் அடிக்கிறது. ஒரு பெண்குரல், போனைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிட வரும்படி அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. அதற்கு அவன், வரேம்மா என்று சொல்லுமுன் பதிவு நின்றுவிடுகிறது. அவன் அதை மறுபடியும் போட்டான். டீக்கடைக்காரர் அடுப்பைக் குறைத்துவிட்டுக் காதை இந்தப் பக்கம் திருப்பினார்.